வாசகர் கேள்வி பதில்: ஞாயிறு 3 மணிக்கு நாலு குரல்

குன்னூரில் உள்ள ஓர் ஊர்ப் பாடகர் குழுவைப் பற்றிப் போன இதழில் ஒரு பத்தி போட்டிருந்தோம். நம் காலத்து இசையமைப்பாளர்கள் எழுதிய பக்திப் பாடல்களை ஸோப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல்குரல், கீழ்க்குரல்), டெனர், பேஸ் (ஆண்களின் மேல்குரல், கீழ்க்குரல்) என்று நாலு குரலில், பெரும்பாலும் வாத்தியமே இல்லாமல் பாடுகிற குழு. அதற்கு வந்த கேள்விகளுக்கு, 17 வருடமாக அந்தக் குழுவை நடத்திவரும் இசை ஆசிரியை இங்கே பதில் எழுதுகிறார்.

டீச்சர், போன டிசம்பரில் உங்கள் நிகழ்ச்சிக்கு வந்திருந்தேன். நன்றாக இருந்தது. ஆனால் பாதி லத்தீன், மீதி ஆங்கிலம். பாமாலையும் கீர்த்தனையும் நம்மிடம் இவ்வளவு இருக்கும்போது யாருக்கும் புரியாத பாஷையில் ஏன் பாட வேண்டும்? குறை சொல்லவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.
– வாசகர், அரவங்காடு

முதலில் ஒரு மன்னிப்பு. ஒவ்வொரு பாட்டுக்கும் தமிழில் பொருள் எழுதி அச்சடித்த தாள் வாசலில் கொடுத்தோம், அது பாதியிலேயே தீர்ந்துவிட்டது, உங்களுக்குக் கிடைத்திருக்காது. இந்த வருடம் கூடுதலாக அடிக்கிறோம்.

கீர்த்தனையை நாங்கள் விடவே இல்லை. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் பாட்டு ஒன்றாவது இல்லாமல் நான் நிகழ்ச்சி வைத்ததில்லை. ஆனால் அதை நாலு குரலாகப் பிரிக்க மாட்டேன், எல்லாரும் ஒரே குரலில் சுருதிப்பெட்டியோடு பாடுவோம். கீர்த்தனையின் உயிர் கமகத்தில் இருக்கிறது, ஸ்வரம் அசைந்துகொண்டே இருக்கும், அசைவதுதான் அழகு. நாலு குரல் சேர்ந்து ஒரு கார்டு, அதாவது ஒரே சமயத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு, ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு குரலும் தன் ஸ்வரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் கமகமும் போச்சு, கார்டும் போச்சு. நான் ஆரம்பத்தில் இரண்டு வருடம் இதை முயற்சி செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

பாமாலை நாலு குரலில் அருமையாக இருக்கும், அதையும் பாடுகிறோம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஜெர்மன், ஆங்கில மெட்டுக்குப் பிற்பாடு தமிழ்ச் சொல் பொருத்தியவை. நம் மொழியில் குறில் நெடில் மாறினால் சொல்லே மாறிவிடுமே. 'மனம்' என்ற சொல்லின் முதல் எழுத்து நாலு எண்ணிக்கை நீளும் ஸ்வரத்தில் வந்து உட்கார்ந்தால் காதில் 'மானம்' என்றுதான் விழும். சின்ன வயதிலிருந்து பாடிப் பழகியதால் நமக்கு அது தெரிவதில்லை. மெதுவான, நீண்ட ஸ்வரங்கள் உள்ள இக்காலப் பாடல்களில் இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம், அதனால் மூல மொழியிலேயே பாடுகிறோம்.

அப்புறம் லத்தீன். நீங்கள் நம்ப மாட்டீர்கள், தமிழ் வாய்க்கு லத்தீன் மாதிரி இணக்கமான பாஷை கிடையாது. தேவாலய லத்தீனில் அ, எ, இ, ஒ, உ என்று சுத்தமான உயிரோசைகள். அதன் 'த'வும் நம் 'த' மாதிரியே பல்லில் நாக்கு பட்டு வருவது. 'பெரிய' என்ற பொருளில் வரும் 'மாஞும்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் 'க்'கும் 'ந்'தும் சேர்ந்து நிற்கும், உச்சரிப்பில் அது அச்சு அசல் நம் 'ஞ'. புதிதாக வருகிறவர்களுக்குப் பாட்டுத்தாள் காப்பியின் ஓரத்தில் பென்சிலால் 'ஞ' என்று ஓர் எழுத்து எழுதிக் கொடுப்பேன், அவ்வளவுதான், உடனே வந்துவிடும். எங்கள் ஆல்டோவில் ஒரு கத்தோலிக்கப் பாட்டி இருக்கிறார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுத்த பிறகு லத்தீன் பூசை மெல்லப் போய்விட்டது, ஆனால் சிறுமியாக இருந்தபோது கேட்ட ஜெபங்கள் அவருக்கு இன்னும் மனப்பாடம். எங்கள் எல்லாருக்கும் உச்சரிப்புத் திருத்துவது அவர்தான்.

இன்னொன்று. தமிழிலேயே யோசித்து, தமிழ் அசைக்கு ஏற்ற மாதிரி நாலு குரலுக்குப் புதிதாக யாராவது எழுதினால் அதைப் பாட நாங்கள் காத்திருக்கிறோம். இதைப் படிக்கிற இளைஞர்கள் யாராவது எழுதினால் பத்திரிகைக்கு அனுப்புங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். ஒரு பக்கம் போதும்.

எனக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் (கோடுகளில் புள்ளி வைத்து எழுதுவது) படிக்கத் தெரியாது, ஸோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுத்தில் எழுதுவது) மட்டும்தான் அப்பா சொல்லிக் கொடுத்தார். உங்கள் குழுவில் சேர முடியுமா அக்கா?
– வாசகி, கோத்தகிரி

தாராளமாக. எங்களில் பாதிப் பேர் ஸோல்ஃபாக்காரர்கள்தான். இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற ஆசிரியை கண்டுபிடித்த முறையை ஜான் கர்வன் என்ற போதகர் 19-ஆம் நூற்றாண்டில் வளர்த்துப் பரப்பினார், அது மிஷனரிகளோடு வந்து நம் தென்மாவட்டச் சபைகளில் வேர்பிடித்துவிட்டது. அதில் 'டோ'வை எந்தச் சுருதியிலும் வைத்துக்கொள்ளலாம், நம் ஸட்ஜம் மாதிரிதான். உங்கள் அப்பா கொடுத்தது பெரிய சொத்து. காப்பியில் ஸ்டாஃபுக்கு மேலே ட, ர, ம என்று பென்சிலால் எழுதிக்கொண்டு பாடுங்கள், ஆறு மாதத்தில் கண் தானாகவே கீழே இருக்கும் புள்ளிகளைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

நவீன இசை என்றாலே காதை உறுத்தும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் பாடுவதாக அந்தப் பத்தியில் இருந்த பெயர்கள் எதுவும் எனக்குத் தெரியாது. எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்? அதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– வாசகர், கொடைக்கானல்

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மோர்டன் லாரிட்ஸன் எழுதிய 'ஓ மாஞும் மிஸ்தேரியும்' கேளுங்கள். அமெரிக்கர். 1994 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் முதன்முறையாகப் பாடினார்கள். சொற்கள் பல நூற்றாண்டுப் பழையவை, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் வழிபாட்டில் வருபவை: எவ்வளவு பெரிய மறைபொருள் இது, தொழுவத்தில் கிடத்தப்பட்ட ஆண்டவரை ஆடுமாடுகள் கண்டன என்று. ஸ்பெயின் நாட்டு ஓவியர் சுர்பரான் 1633-இல் வரைந்த ஓர் ஓவியத்தை, ஒரு தட்டில் எலுமிச்சை, ஒரு கூடையில் ஆரஞ்சு, ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரு ரோஜாவும், அதை மனதில் வைத்துத்தான் இதை எழுதினேன் என்று லாரிட்ஸனே சொல்லியிருக்கிறார். படத்தில் எவ்வளவு அமைதியோ பாட்டிலும் அவ்வளவு. டி மேஜர், அதாவது டி என்ற ஸ்வரத்தை ஆதாரமாக வைத்த சுருதி. அதன் ஏழு ஸ்வரங்களுக்கு வெளியே குரல்கள் போவதே இல்லை, ஒரே ஒரு இடம் தவிர. நடுவில் 'கன்னியே' என்று பொருள் தரும் 'விர்கோ' என்ற சொல் வரும், அதன் முதல் அசையில் ஆல்டோ மட்டும் ஜி ஷார்ப், ஜி-யைவிட அரை ஸ்வரம் மேலே, பாட வேண்டும். முழுப் பாட்டிலும் சுருதிக்கு அந்நியமான ஒரே ஸ்வரம் அதுதான். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் இருக்கும் தாய்க்குப் பின்னால் வரப்போகிற துக்கத்தை அந்த ஒரு ஸ்வரத்தில் வைத்துவிட்டார்.

நாங்கள் இதைப் பழகிய முதல் ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆல்டோக்கள் அந்த இடத்துக்கு வந்ததும் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள், தப்பாகப் பாடுகிறோமோ என்று. இல்லை, அதுதான் சரி, இன்னும் தைரியமாகப் பாடுங்கள் என்றேன். சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் கொஞ்ச நாள் கற்றுக்கொண்ட ஒரு பெண், தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் வேலை பார்ப்பவர், கையைத் தூக்கினார். "டீச்சர், டி-யை ஸட்ஜமா வெச்சுக்கிட்டா இது பிரதி மத்திமம்தானே?" ஆமாம், அதேதான், இரண்டு மத்திமத்தில் மேலே இருப்பது. அவர் தனியாக ஸ, ரி, க, ம என்று மெதுவாக ஏறிப் போய் அதைப் பிடித்துக் காட்டினார், பக்கத்தில் நின்ற ஏழு பேரும் அவரோடு போய்ப் பிடித்தார்கள். மற்ற மூன்று குரல்களும் சேர்ந்தபோது அந்த ஸ்வரம் கார்டுக்குள் உரசிய உரசல் இருக்கிறதே, பேஸ் வரிசையில் ஒருவர் பாடுவதை நிறுத்திவிட்டு ஆல்டோக்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார். நீங்கள் கேட்ட உறுத்தலுக்கு இதுதான் பதில். உறுத்தல் உண்டு, ஆனால் அது எங்கே, எதற்காக வருகிறது என்று பாருங்கள்.

அடுத்தது ஆர்வோ பார்ட். எஸ்தோனியாக்காரர், 1935-இல் பிறந்தவர். சோவியத் ஆட்சியில் 1968-இல் வெளிப்படையான விசுவாச அறிக்கையாக ஒரு பெரிய படைப்பை எழுதிச் சிக்கலில் மாட்டிக்கொண்டார், அப்புறம் சில வருடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுமே வெளியிடாமல் பழைய கிரிகோரியன் வழிபாட்டுப் பாடல்களை உட்கார்ந்து படித்தார். 1976-இல் புதிய முறை ஒன்றோடு வந்தார். அதற்கு டின்டினாபுலி என்று பெயர், சின்ன மணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முறை ரொம்ப எளிது: ஒரு குரல் படிப்படியாக அடுத்தடுத்த ஸ்வரத்துக்கு நடக்கும், இன்னொரு குரல் ஒரு கார்டின் மூன்று ஸ்வரங்களை மட்டுமே மாற்றி மாற்றித் தொடும், மணி அடிக்கிற மாதிரி. அவருடைய 'த பாச்செம் தோமினே', ஆண்டவரே சமாதானம் தாரும் என்று பொருள். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்த இரண்டு நாளில் எழுத ஆரம்பித்தது. சில நிமிடம்தான். சத்தமாகப் பாட வேண்டிய இடமே கிடையாது. அதைக் கற்றுக்கொள்வதற்குள் எங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது, ஏனென்றால் யார் கொஞ்சம் முன்னால் வந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் ஜான் டேவனர் எழுதிய 'த லேம்', ஆட்டுக்குட்டி என்று பொருள். 1982, தன் உடன்பிறந்தவர் பிள்ளையின் மூன்றாவது பிறந்தநாளுக்காக எழுதியது. வில்லியம் பிளேக்கின் கவிதை. ஸோப்ரானோ மேலே ஏறும்போது ஆல்டோ அதே அளவு கீழே இறங்கும், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. பக்கத்தில் நிற்பவரின் குரல் நமக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டே இருக்கும், கொஞ்சம் கவனம் சிதறினாலும் அவரோடு போய்விடுவோம். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பாடுகிறார்கள்.

எல்லாமே மெதுவாகத்தான் இருக்குமா? எனக்குத் தூக்கம் வந்துவிடும்போல இருக்கிறது.
– வாசகர், கூடலூர்

இல்லை. ஜான் ரட்டரின் 'குளோரியா'வை, 1974-இல் எழுதியது, பித்தளை வாத்தியங்களோடு கேட்டுப் பாருங்கள். லியோனார்ட் பெர்ன்ஸ்டைனின் 'சிசெஸ்டர் ஸாம்ஸ்' முதல் பகுதி பைபிளின் 100-ஆம் சங்கீதத்தை எபிரெய மொழியில் ஏழு எண்ணிக்கையில் துள்ளிக்கொண்டு போகும். பிராக்டிஸில் அதன் ஆரம்பத்தை மட்டும் பாடிப் பார்த்தோம், மிஸ்ர சாபு என்ற ஏழு எண்ணிக்கைத் தாளம் தெரிந்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் சபைப் பாடகர் குழு வாத்தியம் இல்லாமல் பாடினால் முடிக்கும்போது சுருதி இறங்கியே போயிருக்கிறது. கடைசியில் ஆர்கன் சேர்ந்தால் அவமானமாக இருக்கிறது. ஊட்டிக் குளிர்தான் காரணம் என்கிறார்கள், உண்மையா?
– வாசகி, ஊட்டி

குளிரும் ஒரு காரணம். தொண்டை இறுகியிருக்கும், மூச்சு மேலோட்டமாக இருக்கும், ஸ்வெட்டருக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்போம். அதனால் பாட்டை எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் வாயை மூடி முனகியே குரலைச் சூடாக்குங்கள், வெதுவெதுப்பான தண்ணீர் ஆளுக்கொரு பாட்டில் இருக்கட்டும், விறகுப் புகை இருக்கிற அறையில் மட்டும் வேண்டாம். ஆனால் எல்லாப் பழியையும் குளிர் மேல் போடாதீர்கள். மதுரையில் மே மாதத்தில் பாடினாலும் சுருதி இறங்கும்.

உண்மையான காரணம் இறங்கும் படிகள். மேலே ஏறும்போது எல்லாரும் கவனமாக ஏறுகிறோம், இறங்கும்போது சரிந்துவிடுகிறோம், ஒவ்வொரு படியும் ஒரு நூல் அதிகமாக இறங்கும். ஒரே ஸ்வரம் பத்துத் தடவை வந்தாலும் பத்தாவது முதலாவதைவிடத் தாழ்ந்திருக்கும். ஏறும்போது பெரிய படி, இறங்கும்போது சின்னப் படி என்று நான் ஒவ்வொரு வாரமும் சொல்கிறேன். மேஜர் கார்டில் 'மி' பாடுகிறவர்கள் அதைக் கொஞ்சம் மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டு பாடட்டும். அதுவும் பலிக்கவில்லையா, முழுப் பாட்டையும் அரை ஸ்வரம் ஏற்றி எடுங்கள். டி-யில் எழுதியதை ஈ ஃப்ளாட்டில் ஆரம்பித்தால் சில பாட்டுகள் அப்படியே நின்றுவிடும், ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாது, ஆனால் எங்களுக்குப் பலமுறை பலித்திருக்கிறது. உட்கார்ந்து பாடாதீர்கள். கடைசியாக, ஸோப்ரானோக்களைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் இறங்குவது பேஸ்தான், மற்றவர்கள் கூடவே போகிறார்கள்.

ஒரு காப்பி வாங்கி 20 ஜெராக்ஸ் எடுத்தால் என்ன தப்பு? கோயிலில் சாமிக்குப் பாடத்தானே?
– வாசகர், குன்னூர்

தப்புதான் அண்ணா. வழிபாட்டின் நடுவே பாடுவதற்கு நம் காப்புரிமைச் சட்டம் விலக்குக் கொடுக்கிறது, நகல் எடுப்பதற்கு அது பொருந்தாது. நம் நாட்டில் எழுதியவர் இறந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. டேவனர் 2013-இல் காலமானார், 2073 வரை அது அவர் குடும்பத்துக்குச் சேர வேண்டியது. ஒரு பாட்டை எழுதி, அதை நாலு பேர் வாங்கிப் பாடித்தான் ஓர் இசையமைப்பாளர் அடுத்த பாட்டை எழுத முடியும். எங்கள் குழுவில் 26 பேர், 26 காப்பி வாங்குகிறோம், அதனால் வருடத்துக்கு இரண்டு புதுப் பாட்டுக்குமேல் கட்டுப்படியாவதில்லை. அதுவும் நல்லதுதான், ஒரு பாட்டோடு ஆறு மாதம் குடியிருக்கலாம். கையில் காசு இல்லாத குழுக்கள் பழைய பாட்டுகளை, உரிமைக்காலம் முடிந்தவற்றை, இணையத்திலிருந்து இலவசமாக எடுத்துப் பாடலாம்.

நான் படுகர் வீட்டுப் பெண், இந்து. காலேஜில் உங்கள் பாட்டைக் கேட்டதிலிருந்து பாட ஆசையாக இருக்கிறது. சேர்த்துக்கொள்வீர்களா? வீட்டில் என்ன சொல்லட்டும்?
– வாசகி, கேத்தி

சேர்த்துக்கொள்வோம் கண்ணு. எங்களில் ஐந்து பேர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம். நான் சொன்ன 'சிசெஸ்டர் ஸாம்ஸ்' ஒரு யூதர் எழுதியது, 1965-இல், எழுதச் சொல்லிக் கேட்டது இங்கிலாந்தில் ஓர் ஆங்கிலிக்கன் பேராலயத்தின் தலைமைக் குரு. இங்கிலாந்துச் சபைக்குப் பாட்டுப் புத்தகம் தொகுத்துக் கொடுத்து, அருமையான பூசைப் பாடல்களும் எழுதிய வான் வில்லியம்ஸ் தன்னைக் கடவுள் நம்பிக்கை உள்ளவர் என்று சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு இவை ஜெபம். பக்கத்தில் நிற்பவருக்கு அது வேறாக இருக்கலாம், நான் கேட்பதில்லை. வீட்டில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு, மறைக்காதே. அம்மாவை ஒரு ஞாயிறு கூட்டிக்கொண்டு வா, அவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும்.

சம்பளம் இல்லை, பரிசு இல்லை. மழையிலும் பனியிலும் 26 பேர் ஞாயிறு மத்தியானத்தை இதற்குக் கொடுக்கிறீர்களே, என்ன கிடைக்கிறது?
– வாசகர், மேட்டுப்பாளையம்

நவம்பரில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு மூடிய ஞாயிறுகூட 19 பேர் வந்தார்கள். மாலையில் கேட்டுக்கு வெளியே காட்டெருமை நின்றால் அது போகும்வரை இன்னொரு தடவை பாடிக்கொண்டிருப்போம், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்களை ஜீப்பில் கொண்டுபோய் விடுவோம். என்ன கிடைக்கிறது என்று பொதுவாகச் சொல்ல எனக்கு வரவில்லை, ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பேஸ் வரிசையில் ஓர் அண்ணன் இருந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தாயகம் திரும்பிய குடும்பம், சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வளர்ந்தவர். அவருக்கு நோட்டேஷனும் தெரியாது, ஸோல்ஃபாவும் தெரியாது. ஆனால் ஒரு ஸ்வரத்தைக் கொடுத்தால் மலை மாதிரி நிற்பார். டேவனர் 1993-இல் எழுதிய 'ஸாங் ஃபார் ஆதீன்' என்ற பாட்டை அப்போது பழகிக்கொண்டிருந்தோம், விபத்தில் இறந்துபோன ஓர் இளம்பெண்ணின் நினைவாக அவர் எழுதியது, 1997-இல் இளவரசி டயானாவின் இறுதிச் சடங்கில் பாடியதும் இதுதான். அதில் கீழே பேஸ் ஒரே ஸ்வரத்தைத் தம்புரா மாதிரி பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், மேலே மற்றவர்கள் வந்து வந்து போவார்கள். ஓர் ஆளால் அவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்க முடியாது. அதனால் பக்கத்தில் உள்ளவர் மூச்சு எடுக்காத சமயம் பார்த்து நாம் எடுக்க வேண்டும், வெளியே இருப்பவர்களுக்கு இடைவெளியே தெரியக் கூடாது. நாலு பேர் இதைப் பழகினார்கள்: அண்ணன் மூச்சு எடுக்கப் போகும்போது இடது கைவிரலை லேசாகப் பேன்ட்டில் தட்டுவார், மற்ற மூவரும் அதைப் பார்த்து முறை வைத்துக்கொண்டார்கள்.

பழகி முடிப்பதற்கு முன்னால் அவர் தவறிவிட்டார். மாரடைப்பு. அடக்கத்துக்கு முன்னால் பாடச் சொல்லி அவர் மனைவி கேட்டார். மூன்று பேரால் அந்த ஸ்வரத்தைப் பிடிக்க முடியுமா என்று எனக்குப் பயம். வீட்டு வாசலில் பெட்டியைச் சுற்றி நின்றோம், சாரல் வேறு. அந்த ஸ்வரம் பிசகாமல் கடைசிவரை நின்றது. நடுவில் பார்த்தேன், மூன்று பேரில் ஒருவர் மூச்சு எடுக்குமுன் தன் இடது விரலைப் பேன்ட்டில் தட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு 68 வயது. குரல் நடுங்குகிறது. இனிமேல் நான் பாடலாமா அம்மா?
– வாசகி, வெலிங்டன்

வாங்கம்மா. ஆல்டோவில் முன்வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நடுக்கத்துக்கு ஒரு வழி உண்டு: பாதிச் சத்தத்தில், பக்கத்தில் இருப்பவரின் குரலைக் கேட்டுக்கொண்டே பாடுங்கள், இரண்டு மூன்று மாதத்தில் குறையும். முழுவதும் போகாது, போகவும் வேண்டாம். ஞாயிறு 3 மணி. பென்சில் ஒன்று கொண்டுவாருங்கள், கூடம் சில்லென்று இருக்கும், சால்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.